கார்புரேட்டரின் மேல் பழி போடும் முன்

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். கானாடுகாத்தான் வீட்டுக் கொட்டகையில் உங்கள் ஐயா ஓட்டிய மோரிஸ் மைனர் 1000 நிற்கிறது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதைக் கிளப்பியிருக்கிறீர்கள். காலையில் சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும் இழுப்பை) இழுத்தால் உடனே கிளம்புகிறது. பத்துக் கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் திணறி அணைந்துவிடுகிறது. மறுபடி கிளம்ப அரைமணி நேரம் ஆகிறது. பிளக்குகளில் கரி அப்பியிருக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் சொட்டுகிறது. பார்த்த மெக்கானிக், இதற்கு இனிச் சாமான் கிடைக்காது, மாருதி 800 கார்புரேட்டரை மாட்டிவிடலாம் என்கிறார். மாட்டலாமா, பழையதையே பிரித்துச் சரிசெய்யலாமா, நீங்களே செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்றை மெக்கானிக்கும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை: கோளாறு கார்புரேட்டரில்தான் இருக்கிறதா?

காரைக்குடியில் 1987-இல் பட்டறை வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது அம்பாசிடரும் ஃபியட்டும்தான் அன்றாட வேலை. மைனர்களும் ஆஸ்டின்களும் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் வீடு திறக்கும்போது மட்டும் வரும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, "கார்புரேட்டர் என்று சொல்லிக்கொண்டு வரும் வண்டியில் முதலில் கரண்டைப் பார்" என்பார். பிளக்குக்குப் பொறி தரும் மின்சார வேலையைத்தான் கரண்ட் என்போம். இத்தனை ஆண்டுகளில் அந்த வரிசையை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உங்கள் வண்டியின் படம் இரண்டுதான் என் கண்முன் இருக்கிறது. எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்கவில்லை, பெட்ரோலை முகரவில்லை. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகமாகச் சொல்வதையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானது. அந்தச் சொட்டு நிற்கும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். மைனரின் எஞ்சினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டரிலிருந்து விழும் சொட்டு, கொதித்துக்கொண்டிருக்கும் புகைக்குழாய்ப் பக்கம்தான் விழும். பத்து நாள் ஒன்றும் ஆகாது, பதினோராம் நாள் பற்றிக்கொள்ளும். சோதனை எதைச் செய்தாலும் கொட்டகைக்கு வெளியே, திறந்த வெளியில் நிறுத்திச் செய்யுங்கள். ஒரு தீயணைப்பான் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். நம் ஊர்க் கொட்டகைகளுக்குப் பக்கத்திலேயே விறகும் பழைய தேக்குச் சாமான்களும் அடுக்கியிருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் படத்தில், பெட்ரோல் வந்து தங்கும் மிதவைக் கிண்ணத்துக்கும் பெட்ரோல் வெளிவரும் ஜெட்டுக்கும் நடுவே நைலான் குழாய் இல்லை. கிண்ணம் கார்புரேட்டரின் உடம்போடு ஒரு போல்ட்டால் நேரடியாகப் பிணைந்திருக்கிறது. ஆகவே அது எஸ்.யூ. கார்புரேட்டரின் எச் வகை, 948 சி.சி. எஞ்சினுக்கு வந்த எச்.2 ஆகத்தான் இருக்க வேண்டும். எஸ்.யூ. என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்ற பெயரின் சுருக்கம். ஸ்கின்னர் குடும்பம் இங்கிலாந்தில் காலணி வியாபாரம் செய்தது. அவர்களுடைய முதல் கார்புரேட்டர்களில், இப்போது உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனுக்குப் பதில் தோலால் செய்த துருத்திதான் இருந்தது. நூறாண்டுக்கு முந்தைய அந்த யோசனை அப்படியே உங்கள் வண்டியில் இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அந்த அளவுக்குப் பிஸ்டன் மேலே எழும்புகிறது. பிஸ்டனின் அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் ஜெட்டிலிருந்து மேலே வருகிறது. ஊசி மெலிய மெலிய, அதைச் சுற்றியுள்ள வழி அகன்று பெட்ரோல் கூடுதலாக வருகிறது. மெதுவான ஓட்டத்துக்கு ஒரு ஜெட், வேகத்துக்கு இன்னொரு ஜெட் என்பதெல்லாம் இதில் கிடையாது. ஒரே ஜெட், ஒரே ஊசி. இதைப் பிரித்துப் பார்த்தவர்கள் யாருக்கும் இதன்மேல் மதிப்பு வராமல் போனதில்லை.

இதில் சோக் வேலை செய்யும் விதம்தான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. மற்றக் கார்புரேட்டர்களில் சோக் இழுத்தால் ஒரு தட்டு காற்றை அடைக்கும். எஸ்.யூ.வில் காற்றை எதுவும் அடைப்பதில்லை. ஜெட்டே கீழே இறங்குகிறது. ஜெட் இறங்கினால் ஊசியின் மெலிந்த பகுதி வாய்க்கு நேரே வந்து பெட்ரோல் அதிகம் கிடைக்கிறது. சோக்கை உள்ளே தள்ளினால் ஜெட் மேலே ஏறி, அடியிலுள்ள நட்டில் இடித்து நிற்க வேண்டும். ஆறு ஆண்டு நின்ற வண்டியில் ஜெட்டைச் சுற்றியுள்ள தக்கை வளையங்கள் காய்ந்து இறுகியிருக்கும். ஜெட்டின் மேல் பிசின் படிந்திருக்கும். இழுத்தால் இறங்கும், விட்டால் முழுதாக ஏறாது. அதாவது வண்டி நாள் முழுவதும் பாதி சோக்கில் ஓடும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகத் தேவை, அதனால் காலையில் நன்றாகக் கிளம்பும். சூடேறியபின் அதே அளவு மிகையாகி, திணறி, பிளக்கில் கரியாகப் படியும். உங்கள் அறிகுறிகள் இதோடு நன்றாகவே பொருந்துகின்றன. இருந்தாலும் இது என் ஊகம். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, சோக்கை உள்ளே தள்ளியபின் ஜெட்டின் அடிப்பகுதியை விரலால் மேலே அழுத்திப் பாருங்கள். அது நகர்ந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டது.

நகராவிட்டால்? அப்போதும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். சூட்டில் அணையும் வண்டிக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தோன்றும். பெட்ரோல் வராமல் நிற்கலாம். பெட்ரோல் மிகுந்து மூழ்கி நிற்கலாம். பொறி போய் நிற்கலாம். பிரித்தறிவது எளிது. திறந்த வெளியில் நிறுத்தியபடியே சூடேறவிட்டு, வண்டி அணைந்ததும் சாவியை அணைத்துவிட்டு, மிதவைக் கிண்ணத்தின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கிண்ணம் காலியாக இருந்தால் பம்ப்பையும் குழாயையும் தேடுங்கள். கிண்ணம் நிறைந்திருந்தால் மூடியைத் திரும்பப் போட்டு, சிந்திய பெட்ரோல் உலர்ந்தபின் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். அது நனைந்திருந்தால், அதே பிளக்கைக் கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்துப் பொறி பாருங்கள். நீலமாக, சொடுக்கும் ஓசையோடு வந்தால் பெட்ரோல் மிகுதிதான் காரணம். மஞ்சளாக, மெலிந்து வந்தால், அல்லது வராமலே போனால், கார்புரேட்டரை மறந்துவிடுங்கள். பொறியை உண்டாக்கும் காயிலும் கண்டென்சரும் சூட்டில் செத்து, ஆறியதும் உயிர் பெறுவது இந்த வயது வண்டிகளில் மிகச் சாதாரணம். அரைமணி கழித்துக் கிளம்புகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது கண்டென்சர்தான். எரியாத பெட்ரோலும் பிளக்கைக் கறுக்கச் செய்யும் என்பதால், கரியை மட்டும் வைத்துக் கார்புரேட்டருக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

இந்தச் சோதனையோடு அடிப்படை அளவுகளையும் சரிபார்த்துவிடுங்கள். பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்டின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.012 அங்குலம். பிளக் வயர்களின் வரிசை 1, 3, 4, 2. வால்வு இறுகியிருக்கும் எஞ்சினில் யார் கார்புரேட்டரைத் திருகினாலும் ஓட்டம் சீராகாது. இது பழைய வண்டிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அவசரத்தில் விட்டுப்போவதும் இதுதான்.

பெட்ரோல் வரத்தைப் பார்க்க உங்கள் காதே போதும். மைனரில் எஞ்சின் அறையின் பின்சுவரில் மின்சாரப் பம்ப் இருக்கிறது. சாவியைப் போட்டதும் டக் டக் என்று அடித்து, கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் அது விடாமல் அடித்துக்கொண்டிருந்தால், பெட்ரோல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது டேங்க் பக்கக் குழாயில் காற்றை இழுக்கிறது. அடிக்கவே இல்லையென்றால் பம்ப்பின் உள்ளே இருக்கும் பாயின்ட் கருகியிருக்கலாம். டேங்க் மூடியையும் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் பள்ளத்தூரிலிருந்து வந்த ஓர் அம்பாசிடருக்கு இரண்டு நாள் கார்புரேட்டர் வேலை செய்தேன். மூன்றாம் நாளும் திருமயம் சாலையில் பதினைந்தாவது கிலோமீட்டரில் நின்றது. டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது, வண்டி கிளம்பிவிட்டது. மூடியிலுள்ள காற்றுத் துளை செம்மண் புழுதியால் அடைபட்டிருந்தது. அந்த இரண்டு நாள் கூலியை நான் வாங்கவில்லை. அன்றிலிருந்து பெட்ரோல் வரத்தைப் பார்க்கும்போது எந்த வண்டியிலும் முதலில் அந்த மூடியைத்தான் திறக்கிறேன்.

சித்திரை, வைகாசியில் மட்டும் இந்தத் தொல்லை வருகிறதென்றால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைபடுவதும் காரணமாக இருக்கலாம். அப்போது கிண்ணம் காலியாகவும் பம்ப் வேகமாக அடித்தபடியும் இருக்கும். முன்பு ஓட்டுநர்கள் பம்ப்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி சுற்றி ஓட்டுவார்கள். அவசரத்துக்கு அது உதவும். பம்ப்பின் மின்முனையில் துணி படாமல் இருக்க வேண்டும். கார்புரேட்டருக்கும் காற்று உள்ளே போகும் குழாய்க்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் தடிப்பான கட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ ஒருமுறை கழற்றியபோது அதை விட்டுவிட்டு வெறும் கேஸ்கட்டை மட்டும் வைத்துப் பூட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு கார்புரேட்டர்தான் என்று உறுதியானால், கழற்றும் முன் ஒரே ஒரு கேள்வி மிச்சம்: எங்கிருந்து சொட்டுகிறது? துணியால் நன்றாகத் துடைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். ஜெட்டின் அடி நட்டிலிருந்து துளி துளியாக வந்தால் தக்கை வளையம் தேய்ந்திருக்கிறது. கிண்ணத்தைப் பிணைக்கும் போல்ட்டடியில் வந்தால் வாஷர் போயிருக்கிறது. மூடிப் பக்கத்திலிருந்து வழிந்தால், அல்லது கார்புரேட்டரின் வாய்க்குள்ளேயே பெட்ரோல் தேங்கினால், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் மிதவை ஊசி சரியாக அடைக்கவில்லை. அடைக்காததற்கும் மூன்று காரணங்கள் உண்டு: ஊசியும் அதன் இருக்கையும் தேய்ந்திருக்கலாம், டேங்கிலிருந்து வந்த துருத்தூள் நடுவில் சிக்கியிருக்கலாம், மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை உறுதி. சந்தேகமாக இருந்தால் வெந்நீரில் அமுக்குங்கள். ஓட்டையிலிருந்து குமிழி வரும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் எடை கூடி மட்டம் மாறும். புதிதாகப் போடுவதையே நான் விரும்புவேன்.

பிரிக்கத் தொடங்கும்போது வெள்ளைத் துணி விரித்த பலகை ஒன்றும், சிறு கிண்ணங்கள் சிலவும், கைப்பேசிப் படமும் போதும். பிஸ்டன் அறையையும் உடம்பையும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். அது பழைய நிலையிலேயே திரும்ப உட்கார வேண்டும். பிஸ்டனும் அதன் அறையும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்ட இணை. வேறொரு கார்புரேட்டரின் அறையை இதற்குப் போட முடியாது. பிஸ்டனை ஊசியின் மேல் நிற்க வைக்காதீர்கள். ஊசி வளைந்தால் மொத்த வேலையும் வீண். உள்ளே மஞ்சளும் பச்சையுமாகப் பிசின் ஒட்டியிருக்கும். பழைய பெட்ரோல் காய்ந்தால் அப்படித்தான் ஆகும். தின்னரிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ ஊறவைத்து, மெல்லிய துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. பிஸ்டனுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளிதான் இந்தக் கார்புரேட்டரின் உயிர். தேய்த்தால் அது போய்விடும். துளைகளில் கம்பி விடாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இது நடந்திருக்கிறது. பித்தளையைக் கண்டதும் பாத்திரம் தேய்க்கிற புளியை எடுத்துவிடுகிறார்கள். ஜெட்டும் மிதவையும் பித்தளைதான், ஆனால் உடம்பு பித்தளை அல்ல. அது புளியின் அமிலத்தைத் தாங்காத உலோக வார்ப்பு. புளி தேய்த்த உடம்பில் வெள்ளைப் பூப் பூத்து, சொரசொரத்து, நூல்கள் பிடிப்பு விட்டுப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பிஸ்டன் தடையின்றி விழுகிறதா என்பதைக் கழற்றிய நிலையிலேயே சோதிக்கலாம். பிஸ்டனிலுள்ள காற்றுத் துளைகளைக் களிமண்ணாலோ மெழுகாலோ அடைத்து, பிஸ்டனை அறைக்குள் முழுதாகச் செருகி, பித்தளை மூடியைப் பூட்டி, தலைகீழாகப் பிடியுங்கள். அறை மெல்ல நழுவி இறங்க வேண்டும். இந்தச் சிறிய அளவு கார்புரேட்டருக்கு மூன்று முதல் ஐந்து நொடி சரியான நேரம். பொத்தென்று விழுந்தால் தேய்மானம் மிகுதி. நடுவழியில் நின்றால் அழுக்கு அல்லது நெளிவு. பிஸ்டனின் பக்கங்களில் எண்ணெய் தடவாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுத்தண்டுக்கு மட்டும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும்.

ஊசியையும் ஜெட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஊசியின் ஒரு பக்கத்தில் பளபளப்பான தேய்மானக் கோடு இருந்தால் அது ஜெட்டில் உரசிக்கொண்டிருந்தது என்று பொருள். அப்போது ஜெட்டின் வாயும் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகியிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஊசியின் தலையில் பொறித்திருக்கும் எழுத்தைக் குறித்துக்கொண்டு அதே குறியுள்ள ஊசியை வாங்குங்கள். ஜெட்டின் துளை 0.090 அங்குலம். சாமான் கிடைக்காது என்பது உண்மையல்ல. இங்கிலாந்தில் சாலிஸ்பரியிலுள்ள பர்லன் நிறுவனம் எஸ்.யூ. உதிரிகளை இன்றும் செய்து விற்கிறது. ஊசி, ஜெட், தக்கை வளையங்கள், வாஷர்கள், கேஸ்கட் எல்லாம் அடங்கிய தொகுப்பாகவே வரவழைக்கலாம். தக்கை வளையங்களைப் பொருத்தும் முன் எண்ணெயில் ஊறவையுங்கள்; காய்ந்தபடி ஏற்றினால் முதல் நாளே கிழியும்.

இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும் இடம் ஜெட்டை நடுவில் நிறுத்துவதுதான். அடியிலுள்ள பெரிய பூட்டு நட்டை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். சரிசெய்யும் நட்டின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நட்டை மேலே முழுதாக ஏற்றி, ஜெட்டை உச்சியில் நிறுத்துங்கள். மேல் துளை வழியாக ஒரு பென்சிலால் பிஸ்டனை மெதுவாக அழுத்திப் பிடித்தபடி பூட்டு நட்டை இறுக்குங்கள். பிறகு பிஸ்டனை அரை அங்குலம் தூக்கி விடுங்கள். 'டக்' என்று தெளிவான ஓசையோடு உட்கார வேண்டும். இப்போது ஜெட்டைக் கீழே இறக்கி, மறுபடி தூக்கி விடுங்கள். இரண்டு முறையும் ஓசை ஒன்றுபோல இருக்க வேண்டும். ஜெட் கீழே இருக்கும்போது மட்டும் ஓசை தெளிவாக இருந்தால் ஊசி உரசுகிறது. தளர்த்தி மறுபடி செய்யுங்கள். எனக்கு முதல் முறையிலேயே அமைந்த நாளும் உண்டு, ஏழெட்டு முறை செய்த நாளும் உண்டு. ஓசை ஒத்துப்போகாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

உங்களால் வீட்டில் செய்ய முடியாதது ஒன்றே ஒன்றுதான்: ஆக்சிலரேட்டர் தட்டைத் தாங்கும் ஸ்பிண்டிலின் தேய்மானம். அதைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால், அந்தச் சந்து வழியாகக் காற்று உள்ளே புகுந்து மெதுவான ஓட்டத்தைக் கெடுக்கும். நீங்கள் எவ்வளவு திருகினாலும் அடங்காது. உடம்பைத் துளைத்துப் புதிய புஷ் போட்டு, ஸ்பிண்டிலும் புதிதாகப் போட வேண்டும். இரண்டு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டிய வேலை இது. கைத்துளைப்பானால் முயலாமல் நல்ல லேத் பட்டறையில் கொடுங்கள்.

பூட்டியபின் அளவு வைப்பது இப்படி: ஸ்பிரிங்கைப் போட்டு, ஜெட்டின் வாய் உடம்பின் மேட்டோடு சமமாக வரும்வரை நட்டை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். பிஸ்டன் அறையின் மேல் மூடியைத் திறந்து எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் சிறிதளவு ஊற்றுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள். ஆறிய எஞ்சினில் வைக்கும் அளவு செல்லாது. பிறகு மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே இருந்தால் பெட்ரோல் மிகுதி. நட்டை ஒரு பட்டை (ஆறில் ஒரு சுற்று) ஏற்றுங்கள். உடனே தளர்ந்து அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு பட்டை இறக்குங்கள். நொடிப்பொழுது லேசாகக் கூடிப் பழையபடி அடங்கினால் அதுதான் சரி. புகைக்குழாயின் ஓசையும் உதவும்: பெட்ரோல் குறைந்தால் ஒழுங்கில்லாமல் தெறித்தாற்போல வரும், மிகுந்தால் கறுத்த புகையோடு தாளம் தப்பாமல் விட்டுவிட்டு வரும். நட்டில் ஆறு பட்டைகள். ஒரே நேரத்தில் ஒரு பட்டைக்கு மேல் திருப்பாதீர்கள்.

இன்றைய பெட்ரோல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் நாடு முழுவதும் பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்றுக் குறைவாகப் போதும். வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. உங்கள் கார்புரேட்டருக்கு இது தெரியாது. ஐம்பதுகளில் கற்றுக்கொடுத்த அளவையே அது ஊற்றும், கலவை பெட்ரோல் குறைந்த பக்கம் சாயும். மேலே சொன்ன தூக்கும் சோதனையைச் செய்தால் நட்டு பழைய கையேட்டு நிலையைவிட ஒன்றிரண்டு பட்டை கீழேதான் நிற்கும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துப் பிளக்கும், ஈரத்தை இழுக்கும், டேங்கில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்ததைக் கரைத்துக் கொண்டுவரும். ஆகவே ரப்பர் குழாய் எல்லாவற்றையும் எத்தனாலுக்கு ஏற்றதாக மாற்றுங்கள். டேங்கைக் கழற்றிக் கழுவாமல் புதுப்பித்த கார்புரேட்டரை மாட்டாதீர்கள். துருத்தூளால் மிதவை ஊசி ஒரே வாரத்தில் பழைய நிலைக்குப் போய்விடும்.

இனி மாருதி 800 கார்புரேட்டர். ஓடும், ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். அது நல்ல கார்புரேட்டர். ஆனால் வேறோர் எஞ்சினின் மூச்சுக்கு அளந்து செய்தது. இடையில் ஒரு தட்டு செய்து பொருத்த வேண்டும், ஆக்சிலரேட்டர் கம்பியை மாற்றிக் கட்ட வேண்டும், ஜெட்டுகளைத் தேடித் தேடி மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தபின்னும் உங்கள் கோளாறு கண்டென்சரில் இருந்தால் வண்டி அதே பத்தாவது கிலோமீட்டரில் நிற்கும். கழற்றிய எஸ்.யூ. பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். பிறகு நினைத்தாலும் திரும்பி வராது. இதில் எனக்கு நடுநிலை கிடையாது. உங்கள் ஐயா கை வைத்துத் திருகிய நட்டு அது. மெக்கானிக் அண்ணனிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: எஸ்.யூ.வைச் செய்து பார்த்துவிடுவோம், கரண்ட் வேலையை அவரே பார்த்துக்கொடுக்கட்டும்.

கடைசியாக, வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குத் திரும்பும் நாளைப் பற்றி. நம் பக்கத்து வண்டிகளின் கார்புரேட்டர்கள் ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதே அதிகம். கிண்ணத்தில் பெட்ரோலை விட்டுப்போனால் பிசினாகும். வடித்துவிட்டுப் போனால் தக்கை காயும். எது மேல் என்பதில் பட்டறைக்காரர்களுக்குள் கருத்து ஒன்றல்ல. நான் வடித்துவிடும் பக்கம், ஏனென்றால் காய்ந்த தக்கை வளையத்தை மாற்ற ஒரு காலை போதும், பிசின் அடைத்த ஜெட்டுக்கு முழுப் பிரிப்பும் வேண்டும். பம்ப்பின் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கிளப்பி, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிறகு கிண்ணத்தின் மூடியைத் திறந்து அடியில் மிச்சமிருப்பதைத் துணியால் ஒற்றி எடுங்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அடுத்த முறை வந்ததும் சோக்கைத் தொடும் முன், டேங்கில் புதிய பெட்ரோல் ஊற்றி, வயரை மாட்டி, சாவியைப் போட்டு, பம்ப் அடித்து நிற்கும்வரை காத்திருங்கள். நின்றபின் டார்ச்சோடு ஜெட்டின் அடியைப் பாருங்கள். பதினைந்து நிமிடத்தில் தக்கை ஊறிச் சொட்டு நின்றால் கிளப்பலாம். நிற்காவிட்டால் சாவியை அணைத்துவிட்டு அடி நட்டைத் திறவுங்கள்.